பகையில்லாமல் பிரிவது: வரிசை தவறாமல் செய்ய வேண்டியவை

இந்த அத்தியாயம் ஒரு குறிப்பிட்ட நிலையில் நிற்பவருக்காக எழுதப்படுகிறது. அவர் மீது உங்களுக்குக் கோபம் இல்லை. அவர் உங்களை ஏமாற்றவில்லை, கை நீட்டவில்லை, உங்கள் குடும்பத்தை அவமதிக்கவில்லை. அவருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டால் இப்போதும் உங்கள் மனம் பதறும். ஆனாலும் அவரோடு ஒரு வாழ்க்கையைக் கொண்டுபோக முடியாது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இப்படிப்பட்டவருக்கு ஊரில் ஆலோசனை கிடைப்பது அரிது. கெட்டவரை விட்டு விலக நினைத்தால் துணைக்கு நாலு பேர் வருவார்கள். நல்லவரை விட்டு விலக நினைத்தால் வழி சொல்ல ஆளிருக்காது.

கொழும்பு மாளிகாவத்தை போன்ற இடத்தில் இது இன்னும் சிக்கலானது. தொடர்மாடிகளில் சுவருக்குச் சுவர் குடும்பங்கள். ஜும்மா மஸ்ஜித் வீதியில் நடந்தால் இரு வீட்டாரின் உறவினரும் எதிரே வருவார்கள். இரண்டாம் மாடியில் பேசியது நான்காம் மாடிக்குப் போக ஒரு பிளேன்டீ ஆறும் நேரம் போதும். இங்கே பிரிபவர்கள் வேறு ஊருக்குப் போய்விடுவதில்லை. அதே கடையில் பாண் வாங்குகிறார்கள், அதே கலியாண வீட்டில் சாப்பிடுகிறார்கள். ஆகவே இங்கே பிரிவின் கொடுமை பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. யாருக்கு எது முதலில் தெரிய வேண்டுமோ அந்த வரிசை குலைவதால் வருகிறது. முடிவு முதலில் உங்கள் மனதில் உறுதியாக வேண்டும். அடுத்து அது அவருக்குத் தெரிய வேண்டும், அதுவும் உங்கள் வாயால். அதற்குப் பிறகுதான் குடும்பம், பிறகு கொடுக்கல் வாங்கலும் பத்திரங்களும், கடைசியாக ஊர். இந்த வரிசையைக் காப்பதே அவருக்கு நீங்கள் காட்டக்கூடிய மிகப் பெரிய மரியாதை. இனி வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

பிழையில்லாதவரை விட்டு விலகலாமா?

படிகளுக்குப் போகுமுன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இதற்குப் பதில் கிடைக்காதவர்கள்தான், விலகுவதற்கு நியாயம் வேண்டும் என்பதற்காக மற்றவரில் பிழை தேடத் தொடங்குகிறார்கள். பழைய செய்திகளைத் தோண்டுகிறார்கள், சிறிய விஷயத்துக்குச் சண்டை பிடிக்கிறார்கள், அவரே வெறுத்துப் போகட்டும் என்று நடந்துகொள்கிறார்கள். நல்ல மனிதர்கள் கொடுமை செய்யும் இடம் இதுதான்.

முஸ்லிம் வாசகருக்கு இதில் தெளிவான முன்னுதாரணங்கள் இருக்கின்றன. புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் வரும் தாபித் இப்னு கைஸின் மனைவி, தன் கணவரின் குணத்திலோ மார்க்கத்திலோ குறை சொல்ல எதுவுமில்லை என்று சொல்லியபடியே பிரிவைக் கேட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதமா என்று மட்டுமே நபிகளார் கேட்டார்கள். அவர் சம்மதித்தார், பிரிவும் நடந்தது. பரீராவின் கதை இன்னும் கனமானது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பின் அவர் தன் கணவர் முகீஸை விட்டு விலகினார். முகீஸ் மதீனாவின் தெருக்களில் அழுதுகொண்டே அவர் பின்னால் போனார். நபிகளார் இரக்கப்பட்டு, திரும்பிச் சேரலாமே என்று பரீராவிடம் பேசினார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரைதான் என்று பதில் வந்தது. அப்படியானால் வேண்டாம் என்றார் அவர். அதற்காக அவரை யாரும் இழித்துப் பேசவில்லை. ஒருவரின் கண்ணீருக்கு இரங்குவதும் அவரோடு வாழச் சம்மதிப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 229ஆம் வசனமும், சேர்ந்து வாழ்வதானால் நல்ல முறையில் வாழவும் விடுவிப்பதானால் நல்ல விதமாக விடுவிக்கவும் சொல்கிறது. விடுவிப்பதிலும் நல்ல விதம் ஒன்று உண்டு என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரு மறுப்பு எழலாம்: இப்படிச் சொல்லிவிட்டால் ஆளுக்காள் சிறிய மனத்தாங்கலுக்கும் உறவை முறித்துக்கொள்வார்களே? உண்மைதான், அந்த ஆபத்து இருக்கிறது. அதனால்தான் முதலாம் படி இவ்வளவு கண்டிப்பாக அமைந்திருக்கிறது.

உங்கள் உறவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

இரண்டு பேருக்குள் மட்டும் இருக்கும் விருப்பம் என்றால் சட்ட வேலை எதுவுமில்லை. வீட்டார் கூடிச் சம்பந்தம் பேசி நாள் குறித்திருந்தால் வாக்கும் பொருளும் கை மாறியிருக்கும், அவற்றைச் சீராக்க வேண்டும். காவின் எழுதியாயிற்று, ஆனால் இன்னும் ஒன்றாக வாழத் தொடங்கவில்லை என்றால், பலர் நினைப்பது போல அது ‘பாதிக் கலியாணம்’ அல்ல. அது முழுத் திருமணம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டப்படி, பதிவு செய்யாத காரணத்தால் மட்டும் ஒரு நிக்காஹ் செல்லாமல் போவதில்லை. ஆகவே நிக்காஹ் நடந்திருந்தால் அதை முறைப்படிதான் முடிக்க வேண்டும்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து இந்து, கிறிஸ்தவ வாசகருக்கும் ஒரு எச்சரிக்கை. விசா அலுவலுக்காகச் சடங்குக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவை முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தக் கையெழுத்தே திருமணம். அதை முடிக்க மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும். அந்தச் சட்டம் தரும் காரணங்களோ சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், தீராத ஆண்மையின்மை ஆகியவை மட்டுமே. இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம் என்பது அதில் ஒரு காரணமாக இல்லை. மனதில் ஐயம் இருக்கும்போது பதிவை முற்படுத்தாதீர்கள்.

படி 1: முடிவை உங்களுக்குள் முடியுங்கள்

பேசுவதற்கு முன்பு, எது மாறினால் நீங்கள் தங்குவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவர் வேலை மாறினால், குரலை உயர்த்தாமல் பேசினால், தனிக்குடித்தனம் வந்தால் தங்குவேன் என்று ஏதாவது எழுத வந்தால் நீங்கள் பிரிவுக்கு வரவில்லை, மாற்றத்துக்கு வந்திருக்கிறீர்கள். அதை மாற்றமாகவே கேளுங்கள். அதற்குப் பெரியவர்களின் உதவியையும் நாடலாம். இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொரு நடுவரை வைத்துப் பேசும் வழியை அன்னிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் காட்டுகிறது. தாள் வெறுமையாகவே இருந்தால், இரண்டு மூன்று வாரம் கழித்து, சண்டையில்லாத ஒரு நாளில் மீண்டும் எழுதிப் பாருங்கள். அப்போதும் வெறுமை என்றால் முடிவு உறுதியாகிவிட்டது. இந்த நாட்களில் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் பேசலாம், அவர் இரு குடும்பத்துக்கும் வெளியே உள்ளவராக இருக்கட்டும். தாத்தாவிடமோ மச்சியிடமோ சொல்வது அவரிடமே சொல்வதற்குச் சமம், அதுவும் பிழையான சொற்களில்.

படி 2: நாளும் இடமும்

பரீட்சைக்கு முந்திய வாரம், அவர் வீட்டில் மையித்து நடந்த நாட்கள், பெருநாள் இவற்றைத் தவிருங்கள். ஆனால் நல்ல நாள் பார்த்துப் பார்த்து மாதங்களைக் கடத்தவும் வேண்டாம். அவருக்கு வசதியான நாள் என்று ஒன்று வரப்போவதில்லை. இரவு வேண்டாம். கேட்டுவிட்டுத் தனியே தூங்கப் போகும் மனிதர் விடியும்வரை அதையே உருட்டிக்கொண்டிருப்பார். காலையோ அஸருக்கு முன்போ நல்லது, அவர் அழுதால் ஆறுதல் சொல்ல வீட்டில் ஆள் விழித்திருக்கும்.

இடம் இருவரும் எழுந்து போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும். மாடிப்படி வேண்டாம், மொட்டை மாடி வேண்டவே வேண்டாம், ஓடும் முச்சக்கர வண்டியிலும் கூடாது. காலி முகத்திடல், விகாரமகாதேவி பூங்கா போன்ற திறந்த இடங்கள் பொருத்தம். ஆட்கள் இருப்பார்கள், ஆனால் காது கொடுக்க மாட்டார்கள். தனியே சந்திப்பது உங்களுக்கு முறையாகப் படாவிட்டால், சற்றுத் தள்ளி உட்கார ஒரு பெரியவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் வெளிநாட்டில் இருந்தால் நேரம் கேட்டு அழைப்பெடுத்துக் குரலில் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியால் உறவை முடிப்பது கோழைத்தனம். அது, முஸ்லிம் திருமண வழக்குகளை விசாரிக்கும் காதியாரிடம் தலாக்காகப் பதிவாகவும் மாட்டாது.

படி 3: சொல்ல வேண்டியதை முதல் ஐந்து நிமிடத்திற்குள் சொல்லுங்கள்

பழைய நாட்களைப் பேசி, சுகம் விசாரித்து, பிறகு மெல்ல விஷயத்துக்கு வருவது அன்பாகத் தோன்றும். உங்கள் முகத்தைப் படித்தபடி அவர் தவிக்கும் நேரம்தான் நீளும். மூன்று வசனம் போதும். உதாரணமாக: “நான் நல்லா யோசிச்சித்தான் சொல்றன். இதை இதோட நிப்பாட்டணும் எண்டு முடிவெடுத்துட்டன். உங்கட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லத்தான் நேர்ல வந்தன்.” இதில் ‘இப்போதைக்கு’, ‘கொஞ்ச நாள் தள்ளிப் போடுவம்’, ‘பாப்பம்’ போன்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறந்து வைக்கும், அவர் அந்தக் கதவடியிலேயே நிற்பார்.

அமெரிக்க உளவியலாளர் ரோய் பௌமைஸ்டரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒருதலைக் காதலை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரை இங்கே பயன்படும். நிராகரிக்கப்பட்டவர்களில் பலர், மற்றவர் தங்களுக்கு நம்பிக்கை காட்டியதாகவும் முடிவைத் தெளிவாகச் சொல்லவேயில்லை என்றும் எழுதினார்கள். நிராகரித்தவர்களோ, குற்ற உணர்விலும் என்ன சொல்வதென்று தெரியாமலும் தவித்ததாகச் சொன்னார்கள். ஒரு பக்கத்தின் தயக்கம் மறு பக்கத்தில் நம்பிக்கையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மழுப்பல் மென்மையானது என்ற எண்ணத்தை இந்தச் சான்று நன்றாகவே உடைக்கிறது.

காரணம் கேட்பார். உண்மையான காரணம் ஒன்றைச் சொல்லுங்கள், ஒன்றே போதும். பத்துக் காரணம் அடுக்கினால் அது குற்றப்பத்திரிகையாகிவிடும். “நீங்க கட்டாருக்குப் போய் அங்கயே இருக்க நினைக்கிறீங்க, என்னால ஏலாது” என்பது போன்ற காரணத்துக்கு அவர் உடனே ஈடு சொல்வார்: “அப்ப நான் போகல்ல.” அதற்கும் முன்கூட்டியே ஆயத்தமாக இருங்கள்: “அது மாறினாலும் என்ட முடிவு மாறாது.” அவருடைய தோற்றம், குடும்பத்தின் வசதி, படிப்பு பற்றிய எண்ணங்கள் உங்கள் மனதில் இருந்தாலும் வெளியே வர வேண்டாம். உண்மை பேச வேண்டும் என்பதற்காக, அவர் ஆயுளுக்கும் சுமக்கக்கூடிய ஒரு சொல்லைக் கொடுக்கத் தேவையில்லை.

படி 4: பிறகு கேளுங்கள்

அழுகை வரலாம், ஏச்சு வரலாம், நீண்ட மௌனமும் வரலாம். மறுத்து வாதாடாமல் கேளுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள், அதற்குப் பிறகு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். கட்டியணைத்துத் தேற்ற மனம் துடிக்கும், ஆனால் அந்தத் தொடுகை நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடும். அவர் எப்படி வீடு போகிறார் என்பதை உறுதிசெய்துவிட்டே கிளம்புங்கள்.

படி 5: குடும்பத்துக்குச் சொல்வது

பெரியவர்கள் பேசி முடித்ததைப் பெரியவர்கள்தானே நிறுத்த வேண்டும், இளையவர்கள் நேரில் பேசுவது மரியாதைக் குறைவு ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இருவரும் ஒருவரோடொருவர் பேசிப் பழகாத சம்பந்தமானால் அந்த மறுப்பு சரியே. அங்கே வாப்பாவோ பெரியவர் ஒருவரோ மற்ற வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. புரோக்கரிடம் சொல்லியனுப்புவது அல்ல. ஆனால் மாதக்கணக்கில் தினமும் போனில் பேசிய இருவருக்கு அது பொருந்தாது. அவர் தன் உம்மாவின் வாயால் இதைக் கேட்டால், இழப்போடு அவமானமும் சேரும். ஆகவே முதலில் அவரிடம் சொல்லுங்கள். அவர் தன் வீட்டாருக்குத் தானே சொல்ல ஒரு நாள் அவகாசம் கேட்டால் கொடுங்கள். அதற்குள் உங்கள் வீட்டாரும் வாய் திறக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பின்பு இரு வீட்டுப் பெரியவர்களும் சந்திக்கட்டும். இரு தரப்பும் ஊருக்குச் சொல்லப்போகும் ஒரே வசனத்தை அந்தச் சந்திப்பிலேயே ஒத்துக்கொள்வது நல்லது: “பேசிப் பாத்தம், சரிவரல்ல.” அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

படி 6: கொடுக்கல் வாங்கலும் காதியாரும்

சம்பந்தக் கட்டத்தில் வந்த மோதிரம், சங்கிலி, உடுப்பு, பணம் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் எழுதி, ஒரே தடவையில், பெரியவர் ஒருவர் கையால் திருப்புங்கள். தவணை தவணையாகக் கொடுத்தால் ஒவ்வொரு தவணையும் புண்ணைக் கிளறும். மண்டபத்துக்குக் கட்டிய முற்பணத்தில் உங்கள் பங்கை அவர்கள் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். பிரிவைக் கேட்டவர் நீங்கள் என்பதால் நட்டத்தில் கூடிய பங்கும் உங்களுடையதாக இருப்பதே நியாயம்.

நிக்காஹ் ஆகியிருந்தால் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் நடைமுறையை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். கணவர் தலாக் சொல்ல நினைத்தால், மனைவி வசிக்கும் பகுதியின் காதியாருக்குத் தன் எண்ணத்தை அறிவிக்க வேண்டும். உறவினர், பெரியவர்கள் துணையோடு சமரசம் செய்ய முயல்வது காதியாரின் கடமை. 30 நாளுக்குள் இணக்கம் வராவிட்டால்தான், காதியாரும் இரு சாட்சிகளும் முன்னிலையில் தலாக் சொல்லும் கட்டம் வரும். மனைவி பிரிவைக் கேட்டால் குலா, பஸ்ஹ் என்ற வழிகள் உண்டு. கணவரில் பிழை இல்லாதபோது பொருந்துவது குலா. இருவரும் ஒருமித்துப் பிரிவது முபாரத். நீங்கள் இருவரும் மனம் விட்டுப் பேசியிருந்தால், ஒருவர் மீது மற்றவர் பிழை சுமத்தாமல் முடிக்க இடம் தருவது இந்தக் கடைசி வழிதான். அதைப் பற்றிக் காதியாரிடம் கேளுங்கள். அவர் முன் சட்டத்தரணி தோன்ற இந்தச் சட்டத்தில் இடமில்லை, நீங்களேதான் பேச வேண்டும். சொல்லப் போவதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போனால் கோபத்தில் வேண்டாத வார்த்தை வராது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கைக்கூலியாகக் கொடுத்ததை மனைவி காதியார் முன் திரும்பக் கோரலாம். அவர் கோருமளவுக்கு விடாமல் கணவரே கொடுத்துவிடுவது மேல். இல்லறம் தொடங்குமுன் கணவர் தலாக் சொன்னால் பேசிய மஹரில் பாதி மனைவிக்கு உரியது என்கிறது அல்பகராவின் 237ஆம் வசனம். ஒருவருக்கொருவர் தாராளமாக இருப்பதை மறக்க வேண்டாம் என்றும் அங்கேயே சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த நிலையில் பெண்ணுக்கு இத்தா என்ற காத்திருப்புக் காலமும் இல்லை.

குறிப்பு: காதியாரின் அறிவித்தல் வீட்டுக்கு வரும்போதுதான் மற்றவருக்கு உங்கள் எண்ணம் தெரிய வரப்போகிறதென்றால், மூன்றாம் படியைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். அறிவித்தல் கொடுக்குமுன் திரும்பிப் போய் அதைச் செய்யுங்கள்.

படி 7: தொடர்பை நிறுத்துங்கள்

நண்பர்களாக இருப்போம் என்ற பேச்சை அவரோ நீங்களோ எடுப்பீர்கள். பின்னொரு காலத்தில் அது நடக்கலாம், இப்போது வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு வரும் “சாப்பிட்டீங்களா” என்ற ஒரு செய்தி அவருடைய ஒரு மாத ஆறுதலைக் கலைத்துவிடும். அவருடைய ஸ்டேட்டஸைப் பார்க்காதீர்கள், நீங்கள் பார்த்தது அவருக்குத் தெரியும். அவரைப் பற்றிய கவலை மேலிட்டால் அவருடைய நண்பர் ஒருவரிடம் கொஞ்சம் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீதியில் எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்லிவிட்டு நடங்கள். உங்களிடமுள்ள அவர் படங்களையும் குரல் பதிவுகளையும் அழித்துவிட்டு, அழித்ததாகச் சொல்லியனுப்புங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

உம்மா மீது பழி போடுவது முதலாவது. “எனக்கு விருப்பம்தான், வீட்டில ஒத்துக்கொள்றாங்க இல்ல” என்பது எங்கள் பக்கத்தில் மிக எளிதாக வரும் பொய். கேட்பவர் உம்மாவைச் சம்மதிக்க வைக்கப் புறப்படுவார், தன் மாமியை அனுப்புவார், ஹஸ்ரத்திடம் போவார், வருடங்கள் போகும். கடைசியில் உண்மை தெரியும்போது உங்களையும் வெறுப்பார், பிழை எதுவும் செய்யாத உங்கள் உம்மாவையும் வெறுப்பார். உண்மையிலேயே வீட்டார்தான் தடை என்றாலும், அந்தத் தடையை ஏற்றுக்கொண்டது நீங்கள். “வீட்டார மீறி வர எனக்கு ஏலாது, அது என்ட முடிவு” என்று சொல்லுங்கள்.

அடுத்தது, பேசாமல் பதிலைக் குறைத்துக்கொண்டே போய் மறைவது. இன்னொன்று, புதிய ஒருவர் வாழ்வில் வந்துவிட்ட பின்பு பழையவரிடம் காரணத்தை மறைப்பது. ஊர் அவருக்குச் சொல்லிவிடும்.

பாதுகாப்பு

இந்த அத்தியாயத்தின் மென்மையான வழிகள் எல்லாம் மற்றவர் வன்முறையாளர் அல்ல என்ற அடிப்படையில் எழுதப்பட்டவை. அவர் முன்பு அடித்திருந்தால், பின்தொடர்ந்திருந்தால், படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டியிருந்தால், நேரில் சந்திக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தொலைபேசியில் சொல்லுங்கள், அல்லது வீட்டார் மூலம் சொல்லுங்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். அவர் உங்கள் கணவரோ மனைவியோ என்றால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938, பொலிஸ் அவசர இலக்கம் 119.

“நீ போனா நான் செத்துப்போவன்” என்று அவர் சொன்னால் இரண்டு பிழைகளைத் தவிருங்கள். வெற்று மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள், பயத்தில் முடிவை மாற்றவும் வேண்டாம். பயத்தால் தொடரும் உறவு அவரைக் காப்பாற்றாது. அவரைத் தனியே விடாமல், அவருடைய நானாவுக்கோ உம்மாவுக்கோ உடனே சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரகசியம் காக்க வேண்டியதில்லை. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. உடனடி ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ். உங்களுக்கே அப்படி எண்ணம் வந்தாலும் 1926ஐ அழையுங்கள். விலகுபவரும் உடைந்து போவதுண்டு.

விசாரிக்க வரும்போது

எல்லாம் முடிந்து மாதங்கள் கழித்து ஒரு வேலை மிச்சமிருக்கும். அவருக்கு வேறு இடத்தில் கலியாணம் பேசுவார்கள். அந்த வீட்டார் மாளிகாவத்தைக்கு வந்து விசாரிப்பார்கள். பள்ளியடியிலோ கடையிலோ உங்கள் வாப்பாவிடம் கேட்பார்கள், உங்களிடமே கேட்கவும் கூடும். நல்ல குடும்பம், நல்ல குணம், எங்களுக்குச் சரிவரவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டார் அனைவரையும் இதே பதிலுக்கு இப்போதே பழக்குங்கள். வந்தவர் எவ்வளவு துருவினாலும் அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம்.